ஆத்தங்குடிக் கல் பட்டறைகளில் கைத்தோல் நோய் பற்றிய ஆய்வு: தனியாள் நிதி கேட்க வழி உண்டா?

கேள்வி (கல்பட்டறைத் தெரு):

அனைவருக்கும் வணக்கம். நான் சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றவள். மருத்துவமும் மனநலமும் என் சிறப்புப் பாடம். ஏழு ஆண்டுகளாகக் காரைக்குடி வட்டாரத்தில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் ஒப்பந்த அடிப்படையில் களப்பணியாளராக இருக்கிறேன். ஆத்தங்குடிப் பக்கத்துத் தரைக்கல் (டைல்ஸ்) பட்டறைகளுக்கு மகளிர் குழு வேலையாக அடிக்கடி போய்வருவேன். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் கலந்ததை வெறுங்கையால் தூவி அழுத்துகிறார்கள். வார்த்த கற்களைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவதும் எடுப்பதும் வெறுங்கையால்தான். ஒரு நாள் வேலை முடிந்த நேரத்தில் ஓர் அம்மா தம் கையை விரித்துக் காட்டினார். விரல் நுனிகளில் ரேகையே தெரியவில்லை. மடிப்புகளில் வெடித்து, ஓரம் தடித்துப்போயிருந்தது. "சிமெண்டு கையை அரிச்சுப்புடுது, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டுப் படுப்பேன்" என்றார். இவர்களில் எத்தனை பேருக்கு இப்படி இருக்கிறது, அதனால் எத்தனை நாள் கூலி போகிறது, மருத்துவரிடம் ஏன் போவதில்லை என்று முறையாக ஆய்வு செய்ய வேண்டும் என்று அன்றுதான் தோன்றியது.

கடந்த ஓராண்டில் மூன்று முறை முயன்றேன். மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பு ஒன்றுக்கு 18 பக்கத் திட்டம் எழுதி அனுப்பினேன். முதற்கட்டப் பரிசீலனையிலேயே, முதன்மை ஆய்வாளர் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் முறையான பணியில் இருக்க வேண்டும் என்ற ஒற்றை வரியோடு திருப்பிவிட்டார்கள். இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கான தேசியத் தகுதித் தேர்வை எழுதலாம் என்று பார்த்தால் எனக்கு வயது 36. 30 என்ற வரம்பில் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு என்றாலும் ஓராண்டில் தவறிவிட்டேன். மூன்றாவது முயற்சியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பன்னாட்டுச் சமூக ஆய்வு நல்கை தருவதாகச் சொன்ன ஓர் இணையதளத்துக்குப் பரிசீலனைக் கட்டணமாக 4,500 ரூபாய் கட்டினேன். அதன்பின் பதிலே இல்லை. குடும்பச் சூழலால் காரைக்குடியை விட்டு வெளியே போக இயலாது. தனியாள் ஒருவர் இத்தகைய ஆய்வுக்கு நிதி பெற வழி உண்டா, அல்லது முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த பிறகுதான் யோசிக்க வேண்டுமா என்பதைத் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற சமூக மருத்துவர், மதுரை):

அம்மா, உங்கள் திட்டம் தரக்குறைவால் திரும்பவில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். அதை யாரும் படித்தே இருக்க மாட்டார்கள். அரசு ஆய்வு நிதி பொதுவாக ஆளுக்குத் தரப்படுவதில்லை, நிறுவனத்துக்குத் தரப்படுகிறது. நிறுவனத்தின் கணக்கில் பணம் ஏறும்; ஆண்டு முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழில் நிறுவனத் தலைவர் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு ஆள் இல்லாத விண்ணப்பம் முதல் மேசையைத் தாண்டாது. ஆகவே நிதி எங்கே கிடைக்கும் என்று தேடுவதை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, முதன்மை ஆய்வாளர் ஒருவரைத் தேடுங்கள். நீங்கள் இணை ஆய்வாளராக இருங்கள். இது கௌரவக் குறைவு அல்ல. பட்டறைக்குள் நுழையும் உரிமை உங்களிடம் இருக்கிறது, அது அவரிடம் இல்லை.

உங்களுக்கு அருகில் 2012இல் தொடங்கிய சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. சற்றுத் தள்ளி மதுரை மருத்துவக் கல்லூரி. தோல் மருத்துவத்திலும் சமூக மருத்துவத்திலும் பட்ட மேற்படிப்புப் படிக்கும் மருத்துவர்கள் ஆய்வேடு எழுதியாக வேண்டும். ஆண்டுதோறும் நல்ல தலைப்புக் கிடைக்காமல், வெளிநோயாளர் பிரிவுக்கு வருபவர்களையே எண்ணி முடிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் தலைப்போடும் களத்தோடும் போனால் வரவேற்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இளநிலை மருத்துவ மாணவர்களுக்காக 1979 முதல் நடத்தும் இரண்டு மாதக் குறுங்கால ஆய்வுத் திட்டத்தையும் மறக்க வேண்டாம். அதில் விண்ணப்பிக்க வேண்டியவர் மாணவர்தான் என்றாலும், உங்கள் ஆய்வின் ஒரு சிறு பகுதியை அப்படி முடித்துக்கொள்ளலாம். தொழில்சார் நோய்களுக்கென்றே அதே கழகத்தின்கீழ் அகமதாபாத்தில் ஒரு தேசிய நிறுவனமும் அதற்குப் பெங்களூரில் ஒரு வட்டார மையமும் உள்ளன. உங்கள் பொருள் நேராக அவர்களுடையது என்பதால் அங்கும் எழுதிப் பாருங்கள்.

18 பக்கத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். இரண்டு பக்கம் போதும். அந்த அம்மா கையை விரித்துக் காட்டியதை முதல் பத்தியில் அப்படியே எழுதுங்கள். இரண்டாம் பத்தியில் காரணத்தைச் சொல்லுங்கள்: ஈரச் சிமெண்டின் காரத்தன்மை (pH அளவு) 12க்கும் மேல் என்பதால் தோலை அது நேரடியாகவே அரிக்கும், சிமெண்டில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் சிலருக்கு ஒவ்வாமையையும் உண்டாக்கும். ஐரோப்பிய நாடுகளில் 2005 முதல் கரையக்கூடிய அந்தக் குரோமியத்துக்கு 10 லட்சத்தில் 2 பங்கு என்ற வரம்பு இருக்கிறது. இந்த இரு வகையையும் பிரித்தறிவதே உங்கள் ஆய்வின் மருத்துவப் பயன். ஏனெனில் முதல் வகைக்காரர் கையைக் காத்துக்கொண்டால் வேலையில் நீடிக்கலாம், இரண்டாம் வகைக்காரருக்கு அது கடினம்.

மறுமொழி 2 (புள்ளியியல் ஆசிரியர், புதுவயல்):

மருத்துவர் அம்மா சொன்னதோடு சில சேர்க்கிறேன். எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்று முதல் சந்திப்பிலேயே கேட்பார்கள். பாதிப்பு எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியாதபோது 50 விழுக்காடு என்று வைத்து, 5 புள்ளி முன்பின்னாக மதிப்பிட 384 பேர் வேண்டும் என்பது எல்லோரும் எழுதும் கணக்கு. ஆனால் உங்கள் பட்டறைகள் எல்லாவற்றிலும் சேர்த்தே 250 பேர்தான் என்றால் 384 பேருக்கு எங்கே போவீர்கள்? சிறு தொகுதிக்கான திருத்தத்தின்படி, 383ஐ 250ஆல் வகுத்து அதோடு 1 கூட்டினால் 2.53; 384ஐ அந்த 2.53ஆல் வகுத்தால் 152 வரும். திருப்பி அனுப்பப்பட்ட திட்டத்தில் 384 என்று எழுதியிருந்தீர்களானால், அடுத்த மேசையில் அதற்காகத் திரும்பியிருக்கும். முதலில் பட்டறைவாரியாக ஆள் பட்டியல் எடுங்கள். அதற்கு நிதி தேவையில்லை, ஒரு நோட்டும் இரண்டு வாரமும் போதும். உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியப் பதிவை மட்டும் நம்பிப் பட்டியல் எடுத்தால், பதியாத பெண்கள் விட்டுப்போவார்கள்.

வினாப்படிவத்தைப் புதிதாக உருவாக்க வேண்டாம். தொழில்சார் தோல் நோய்க்கென்று வட ஐரோப்பிய நாடுகளில் உருவான நார்டிக் வினாப்படிவம் (NOSQ-2002) இருக்கிறது. அதைத் தமிழாக்கி, வேறொருவரை விட்டுத் திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிடுங்கள்.

உங்கள் வயதுக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உதவித்தொகைக்குத்தான் வயது வரம்பு; உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வரம்பு கிடையாது. 2024 ஜூன் தேர்விலிருந்து முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் அந்த மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்கிறார்கள். முழுநேரமாகப் பதிந்த பிறகு இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் முனைவர் பட்ட உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த அறிவிப்பில் வயது வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், தேசியத் தகுதித் தேர்வைவிடத் தாராளமானது. பெண் ஆய்வாளர்களுக்கென்று அறிவியல் தொழில்நுட்பத் துறை நடத்தும் திட்டங்களில் நேரத்தைச் செலவிட வேண்டாம். அவை அறிவியல், பொறியியல், மருத்துவப் பட்டம் பெற்றவர்களுக்கானவை, சமூகப்பணிப் பட்டம் அதில் நிற்காது. சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் சுகாதார ஆய்வு அடிப்படைப் பாடம் இணையவழியில் இருக்கிறது. படிப்பது இலவசம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். அந்தச் சான்றிதழோடு போனால் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் உங்களைத் தரவு சேகரிப்பவராக மட்டும் நடத்த மாட்டார்கள்.

கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. நான் 384 என்றுதான் எழுதியிருந்தேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. எங்கள் நிறுவனத்துக்கு அறிமுகமான வெளிநாட்டுத் தமிழர் ஒருவர், தாம் சார்ந்த அமைப்பிலிருந்து இரண்டு லட்சம் ரூபாய் அனுப்ப முன்வருகிறார். எங்கள் நிறுவனத்துக்கு வெளிநாட்டு நன்கொடைப் பதிவு இல்லை என்பதால் மதுரையில் பதிவுள்ள ஒரு நிறுவனத்தின் வழியாகப் பெறலாமா? இரண்டாவது, செட்டிநாட்டு அறக்கட்டளைகளிடம் கேட்டால் ஆய்வுக்குத் தருவார்களா?

மறுமொழி 3 (கணக்குப் பார்ப்பவர், தேவகோட்டை):

சகோதரிக்கு வணக்கம். முதல் கேள்விக்கு என் பதில், வேண்டவே வேண்டாம் என்பது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற நிறுவனம் தான் வாங்கிய வெளிநாட்டு நன்கொடையை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கவே கூடாது. அந்த நிறுவனத்துக்கும் பதிவு இருந்தாலும் கூடாது. பணம் புது தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும், நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். நல்ல மனத்தோடு செய்த உதவியால் இரு நிறுவனங்களும் மாட்டிக்கொண்டு விழிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நிறுமங்களின் (கம்பெனிகளின்) சமூகப் பொறுப்பு நிதி (CSR) உங்களுக்கு இதைவிட எளிது. 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட வரம்பை எட்டிய நிறுமங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். ஆனால் 2021 ஏப்ரல் முதல், அந்த நிதியைக் கொண்டு பணி செய்யும் தொண்டு நிறுவனம் அதற்குரிய CSR-1 என்ற படிவத்தைத் தாக்கல் செய்து பதிவு எண் வைத்திருக்க வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் இரண்டு பதிவுகளும் (நிறுவனத்தின் வரிவிலக்குக்கு ஒன்று, நன்கொடையாளரின் வரிச்சலுகைக்கு ஒன்று), தொண்டு நிறுவனங்களைப் பதியும் நிதி ஆயோக் தளமான தர்ப்பணின் எண்ணும் உங்கள் நிறுவனத்திடம் இருக்கின்றனவா என்று நாளைக்கே பாருங்கள். எண் காலாவதியாகியிருப்பது கடைசி நாளில்தான் பல நிறுவனங்களுக்குத் தெரியவருகிறது.

அறக்கட்டளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தைக் காரைக்குடிக்கு வரவழைத்தவர் அழகப்பச் செட்டியார்; அது அந்தக் காலம். இன்றைய ஊர் அறக்கட்டளைகள் பெரும்பாலும் படிப்புக்கும் மருத்துவ முகாமுக்கும் கோயிலுக்கும் தருகின்றன. வினாப்படிவம் அச்சடிக்கக் காசு கேட்டால் புரியாத முகத்தோடு பார்ப்பார்கள். கையுறையும் களிம்பும் ஒரு நாள் தோல் மருத்துவ முகாமும் கேட்டால் அந்த இடத்திலேயே காசோலை எழுதுவார்கள். முகாமை அவர்கள் செலவிலும் ஆய்வை வேறு நிதியிலும் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே நாளில் நடத்துங்கள். 4,500 ரூபாய்க்கு வருந்த வேண்டாம். நேர்மையான நல்கை எதுவும், கொடுப்பதற்கு முன்னால் தனியாளிடம் இப்படி வாங்குவதில்லை. இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

மறுமொழி 4 (ஓய்வுபெற்ற சமூக மருத்துவர், மதுரை):

ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். முகாமும் ஆய்வும் ஒரே நாளில் என்றால், ஆய்வுக்கு ஒப்பாதவருக்கும் முகாமில் சிகிச்சை உண்டு என்பதைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வுக்கு ஒப்புதல் தரும் அறநெறிக் குழு ஏற்காது. 2017இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட அறநெறி வழிகாட்டியை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தக் குழு தேவையில்லை. முதன்மை ஆய்வாளர் எந்தக் கல்லூரியோ அந்தக் கல்லூரிக் குழு பார்க்கும். குழுவின் ஒப்புதல் வருவதற்கு முன் ஒருவரிடமும் தரவு எடுக்கக் கூடாது. ஆள் பட்டியல் எடுக்கும்போது கைப்புண்ணைப் பற்றிக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் ஆசையைக்கூட அடக்குங்கள்.

கையுறை பற்றியும் எச்சரிக்கை வேண்டும். பருத்திக் கையுறை நனைந்து ஈரச் சிமெண்டைத் தோலோடு ஒட்டிவைக்கும். வெறுங்கையைவிட அது கேடு. நைட்ரைல் கையுறையாக, மணிக்கட்டுக்கு மேல் வரக்கூடியதாக வாங்கச் சொல்லுங்கள்.

செலவுத் திட்டத்தில் கூலி இழப்பைச் சேருங்கள். ஒவ்வாமையைக் கண்டறியும் ஒட்டுப் பரிசோதனையில் முதுகில் 48 மணி நேரம் பட்டை ஒட்டியிருக்கும். முதுகு நனையக் கூடாது, வேர்க்கக் கூடாது. பட்டறை வேலை செய்துகொண்டு அது நடவாது. அதை எடுத்த பிறகும் மறுபடி பார்க்க வரச் சொல்வார்கள். எல்லோருக்கும் செய்ய வேண்டியதில்லை, கைப்புண் உள்ளவர்களுக்குப் போதும். ஆனால் அவர்கள் இழக்கும் நாட்கூலிக்கு ஈடு தராமல் கேட்பது நியாயமில்லை. ஈடு தர வழிகாட்டியிலும் இடமிருக்கிறது. ஆசைகாட்டும் அளவுக்குப் போகாமல் இருந்தால் சரி.

கேட்டவர் (மூன்று மாதங்களுக்குப் பின்):

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கக் குறிப்பை ஐந்து பேருக்கு அனுப்பினேன். மூவர் பதில் தரவில்லை, ஒருவர் அன்போடு மறுத்தார். ஐந்தாமவரான, ஒரு மருத்துவக் கல்லூரித் தோல் மருத்துவப் பேராசிரியர், பட்டறையை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் வந்து இறங்கினார். அவர் முதன்மை ஆய்வாளர், நான் இணை ஆய்வாளர், அவருடைய மாணவி ஒருவர் இதையே ஆய்வேடாக எடுத்துக்கொள்கிறார். ஆள் பட்டியல் முடிந்துவிட்டது. வெளிநாட்டுப் பணத்தை மரியாதையோடு மறுத்துவிட்டோம்.

அறநெறிக் குழு ஒரு கேள்வியோடு விண்ணப்பத்தைத் திருப்பியிருக்கிறது: பட்டறை உரிமையாளர் பக்கத்தில் நிற்கும்போது தொழிலாளி எப்படி மனம்விட்டுப் பேசுவார்? நேர்காணலைப் பட்டறையில் நடத்தாமல், மாலையில் ஊரணிக் கரையில் நடத்துவதாக மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறோம். கூலி ஈடும் சேர்த்தாயிற்று.

இப்போது சிக்கல் சொல்லில் நிற்கிறது. வினாப்படிவத் தமிழாக்கத்தை, ஆய்வில் சேராத எங்கள் மகளிர் குழுப் பெண்கள் ஆறு பேரிடம் வாசித்துக் காட்டி, சொல் புரிகிறதா என்று மட்டும் கேட்டேன். "தோல் அழற்சி" ஒருவருக்கும் புரியவில்லை. "கரப்பான்" என்று மாற்றினால், அது பிள்ளைகளுக்கு வருவது, எங்களுக்கு ஏது என்கிறார்கள். "கை வெடிப்பு" என்றால் தலையாட்டுகிறார்கள், ஆனால் அரிப்பும் கொப்புளமும் அந்தச் சொல்லுக்குள் அடங்கவில்லை. வேறு மாவட்டங்களில் கொத்தனார், சித்தாள் வேலை செய்பவர்கள் இதற்கு என்ன சொல் வைத்திருக்கிறார்கள்?

மறுமொழி 5 (புள்ளியியல் ஆசிரியர், புதுவயல்):

ஒரே சொல்லில் அடக்க முயல வேண்டாம். வெடிப்பு, அரிப்பு, கொப்புளம், நீர்வடிதல் என்று நான்கையும் தனித்தனிக் கேள்வியாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று குறியுங்கள். நோய்ப் பெயரைத் தோல் மருத்துவர் தம் பத்தியில் எழுதிக்கொள்ளட்டும். பேராசிரியரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், திருத்திய படிவத்தை அறநெறிக் குழுவுக்கு மறுபடியும் அனுப்ப வேண்டியிருக்கும்.