கேனன் ஆர்8-க்கு 1996-ம் வருட 135 மி.மீ. எஃப்/2: வாங்கலாமா, வேண்டாமா?

மூன்றாம் வரிசை
வணக்கம். சென்னை சபாக்களில் அரங்கேற்றம், நாட்டிய நிகழ்ச்சிகளைப் படம் எடுக்கிறேன். கையில் இருப்பது கேனன் ஆர்8, கூடவே 24-105 எஃப்/4-7.1 லென்ஸ். 105-க்குப் போனால் எஃப்/7.1 தான் (எஃப் எண் கூடக் கூட உள்ளே வரும் ஒளி குறையும்). ஆடுகிறவருக்காக ஷட்டர் வேகம் 1/320 நொடி வைத்தால் ஐஎஸ்ஓ, அதாவது ஒளி உணர்திறன், 12,800 ஆகிவிடுகிறது. ஜரிகையும் நகையும் கூழாகத் தெரிகின்றன.

ஒருவர் ஈஎஃப் 135 மி.மீ. எஃப்/2 எல் விற்கிறார். 1996-ல் வந்த மாடல். ஈஎஃப் பழைய கேமராக்களின் மவுண்ட், ஆர்8-ல் இருப்பது ஆர்எஃப் மவுண்ட்; அதனால் அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். புதிய ஆர்எஃப் 135 எஃப்/1.8 என் வரும்படிக்கு எட்டாது. மார்கழிக்குள் முடிவெடுக்க வேண்டும். பழசை நம்பி வாங்கலாமா?

பழைய கண்ணாடி
வாங்குங்கள். எஃப்/7.1-லிருந்து எஃப்/2-க்கு வந்தால் மூன்றரை ஸ்டாப்புக்கும் மேல் லாபம் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி). நீங்கள் 12,800-ல் எடுத்த அதே காட்சியை ஏறக்குறைய 1,000-ல் எடுக்கலாம்.

அடாப்டரைப் பற்றிப் பயப்படாதீர்கள், அதற்குள் கண்ணாடியே கிடையாது. ஈஎஃப் மவுண்டிலிருந்து சென்சாருக்கு 44 மி.மீ. தூரம், ஆர்எஃப்-ல் 20 மி.மீ. நடுவில் வருகிற 24 மி.மீ. இடைவெளியை நிரப்பும் வளையம்தான் அது. மின் இணைப்பு அப்படியே போகிறது. ஆட்டோ ஃபோகஸ், அப்பர்ச்சர், கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி எல்லாம் வேலை செய்யும்.

இன்னொன்றையும் சொல்கிறேன். இந்த லென்ஸை டிஎஸ்எல்ஆரில், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகைக் கேமராவில், பல வருடம் வைத்திருந்தேன். எஃப்/2-ல் எடுத்தால் கண்ணுக்குப் பதில் காதில் ஃபோகஸ் விழும். ஃபோகஸ் பிழையைத் திருத்தும் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. ஆர்8 போன்ற மிரர்லெஸ்ஸில் சென்சாரே ஃபோகஸைப் பார்ப்பதால் அந்தத் தொல்லை ஒழிந்தது. லென்ஸ் எப்போதும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது என்பது எனக்கு மிரர்லெஸ்ஸுக்கு மாறிய பிறகுதான் தெரிந்தது.

கூர்முனை
நான் உடன்படவில்லை. ஆர்8 பாடிக்குள் குலுக்கல் தடுப்பு கிடையாது. இந்த லென்ஸிலும் கிடையாது. 135 மி.மீ.யை இரண்டுமே இல்லாமல் கையில் பிடிக்கச் சொல்கிறீர்கள். பாடியில் ஸ்டெபிலைசேஷன் உள்ள ஆர்6 என்றால் நானும் சரி என்றிருப்பேன்.

எடையிலும் லாபம் இல்லை. லென்ஸ் 750 கிராம், அடாப்டர் 110 கிராம், ஆக 860. புதிய ஆர்எஃப் 135 ஸ்டெபிலைசரோடு சேர்த்தே 935 கிராம்தான். பாடியோ பேட்டரி, கார்டு எல்லாம் சேர்ந்து 461 கிராம். முன்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

என் யோசனை: ஆர்எஃப் 85 மி.மீ. எஃப்/2 மேக்ரோ ஐஎஸ் வாங்குங்கள். 500 கிராம், ஸ்டெபிலைசர் உண்டு, புதுசு, வாரண்டியும் உண்டு. வித்தியாசத்தைக் கிராப் செய்து சமாளிக்கலாம்.

பழைய கண்ணாடி
கூர்முனை, குலுக்கல் தடுப்பு நிறுத்துவது நம் கை நடுக்கத்தை. ஜதிக்கு ஆடுகிறவரின் காலை அது நிறுத்தாது. நடனத்துக்கு 1/250, 1/320 எப்படியும் தேவை. அந்த வேகத்தில் 135-ஐக் கையில் பிடிக்கலாம். 1/30-ல் எடுக்கக் கோயில் பிரகாரத்துக்கா போகிறார்?

கிராப் கணக்கையும் பார்ப்போம். எட்டு மீட்டர் தூரத்தில் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால், 135-ல் மேலிருந்து கீழாக 2.1 மீட்டர் உயரம் அடங்கும். தலைச்சாமான் முதல் சலங்கை வரை ஓர் ஆள் சரியாகப் பொருந்துவார். 85-ல் அதே இடத்திலிருந்து 3.4 மீட்டர் அடங்கும். அதை வெட்டினால் 24 மெகாபிக்சலில் ஒன்பதரைதான் மிஞ்சும். எஃப்/2 இரண்டிலும் எஃப்/2 தான் என்றாலும், ஒளி நுழையும் வாய் 85-ல் 42.5 மி.மீ., 135-ல் 67.5 மி.மீ. அதே ஆளிடமிருந்து 135 இரண்டரை மடங்கு ஒளி வாங்குகிறது. வெட்டிய படத்தில் நாய்ஸ், அதாவது புள்ளி இரைச்சல், கூடுவது அதனால்தான்.

சலங்கை
நான் ஆடுகிறவள், படம் எடுப்பவள் அல்ல. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பதத்துக்கு அபிநயம் பிடிக்கும்போது முன்வரிசையில் டக் டக் என்று ஷட்டர் சத்தம் கேட்டால் மனசு கலைந்துவிடும். எந்த லென்ஸ் வாங்கினாலும் சரி, தயவுசெய்து சத்தமில்லாமல் எடுங்கள்.

கூர்முனை
சலங்கை சொன்னது முக்கியம். ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. சத்தமில்லாமல் எடுக்க எலக்ட்ரானிக் ஷட்டர் வேண்டும். மேடையில் எல்இடி விளக்கு இருந்தால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழும். நிகழ்ச்சிக்கு முன்பே 1/200, 1/250, 1/320 என்று மாற்றி மாற்றி எடுத்து, எந்த வேகத்தில் பட்டை குறைகிறது என்று பார்த்துவிடுங்கள்.

ஆர்8-ல் முழு மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது என்பதையும் யாரும் சொல்லவில்லை. முதல் திரை எப்போதும் எலக்ட்ரானிக்தான். பகல் வெளிச்சத்தில் எஃப்/2-ல் 1/2000, 1/4000 என்று போனால் பின்னணியில் உருண்டையாக விழவேண்டிய ஒளிப்புள்ளிகள் ஓரத்தில் வெட்டுப்பட்டது போலத் தெரியும். பெரிய அப்பர்ச்சர் லென்ஸை அழகான போக்கேவுக்காக, அதாவது பின்னணி மங்கலுக்காக, வாங்கிவிட்டு அது உடைந்து வருவதைப் பார்ப்பது வேதனை.

மூன்றாம் வரிசை
பகலில் வெளியே எடுப்பது குறைவுதான், கூர்முனை. மேடையில் 1/320-ஐத் தாண்ட மாட்டேன். அங்கே அந்தப் பிரச்சினை வருமா?

கூர்முனை
அந்த வேகத்தில் வராது. வெளியே எடுக்கும்போது மட்டும் முழு எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வேகமாக ஓடுகிற பொருள் மட்டும் வளைந்து தெரியலாம்.

ஈரக்காற்று
நான் நாகப்பட்டினத்துக்காரன். எல்லாரும் எஃப் நம்பரையே பேசுகிறீர்கள், பூஞ்சையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கடல் காற்று அடிக்கும் ஊரில் இருபது வருடம் பீரோவுக்குள் கிடந்த லென்ஸ் என்றால் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

மூன்று வருடம் முன் ஒரு பழைய 85 மி.மீ. வாங்கினேன். விற்றவர் "கண்ணாடி சுத்தம்" என்றார். மேலோட்டமாகப் பார்த்தால் சுத்தம்தான். வீட்டுக்கு வந்து பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன், உள்ளே சிலந்தி வலை போல மெல்லிய இழைகள். கடையில் கொடுத்துக் கழுவினேன். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அதே இடத்தில் திரும்ப வந்துவிட்டது. பூஞ்சை கண்ணாடி மேல் பூசிய கோட்டிங்கை அரித்துவிட்டால் கழுவி என்ன பயன்? அரித்த தடம் போகாது. நேரெதிரே விளக்கு இருந்தால் படம் முழுக்கப் பாலாடை போர்த்தியது போல வரும்.

அதனால் சொல்கிறேன். விற்பவர் வீட்டுக்கு நேரில் போங்கள், டார்ச் கொண்டு போங்கள். முன்னாலிருந்து ஒரு முறை, பின்னாலிருந்து ஒரு முறை, சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசி இருந்தால் கவலையில்லை. கிளை விட்ட இழை ஒன்று தெரிந்தாலும் வந்துவிடுங்கள், விலை குறைத்தாலும் வேண்டாம். உங்கள் மற்ற லென்ஸ்களோடு அதை ஒரே பையில் வைக்கப் போகிறீர்கள். வாங்கிய பிறகு ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதம் இருக்கிற டிரை கேபினெட்டில் வையுங்கள். அது இல்லையென்றால் மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல், ஒரு ஈரமானி. அப்புறம், தோல் உறைக்குள் போட்டு வைக்கவே வேண்டாம்.

பழைய கண்ணாடி
ஈரக்காற்று சொன்னதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன், நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கூடவே இதையும் பாருங்கள். மவுண்ட் பக்கம் லென்ஸின் பின்னால் சின்னதாக ஒரு குறியீடு இருக்கும். முதல் எழுத்து 'யூ' என்றால் உட்சுனோமியா தொழிற்சாலை. இரண்டாவது எழுத்து வருடம்: 'யூ' 2006, 'வி' 2007. அடுத்த இரண்டு இலக்கம் மாதம். பிந்திய லென்ஸ்களில் இது இருக்காது. விற்பவர் "போன வருஷம் வாங்கினது" என்றால் இதை வைத்தே பேசலாம்.

சுவரில் செய்தித்தாளை ஒட்டி, நேராக நின்று, எஃப்/2-ல் எடுத்து நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் எங்கோ விழுந்த லென்ஸ்.

கூர்முனை
வாங்கிய பிறகு மோட்டார் போனால்? உற்பத்தி நின்ற லென்ஸ் இது. உதிரி பாகம் வருடத்துக்கு வருடம் குறையத்தான் செய்யும். காசு வாங்கி நிகழ்ச்சி எடுப்பவருக்கு அது சின்ன விஷயமில்லை.

இன்னொன்று டெப்த், அதாவது கூர்மையாக விழும் ஆழம். எட்டு மீட்டரில் 135 எஃப்/2-ல் கூர்மையாக விழுவது ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். ஆடுகிறவர் அரைமண்டியில் இருந்து முன்னால் கை நீட்டி முத்திரை பிடித்தால் முகம் தெளிவாக இருக்கும், விரல்கள் மங்கிவிடும். பரதத்தில் விரல் மங்கினால் அந்தப் படம் எதற்கு?

சலங்கை
ஆமாம். முத்திரை தெரியாத படத்தை என் குரு பார்க்கக்கூட மாட்டார்.

பழைய கண்ணாடி
அதற்கு எஃப்/2.8 வைக்கலாம், ஐஎஸ்ஓ 2,000 ஆகும். 12,800-ஐ விட எவ்வளவோ மேல். வேண்டும்போது அகலமாகத் திறக்க முடிகிற லென்ஸைத்தான் வேண்டும்போது மூடவும் முடியும். பின்வரிசை கிடைத்த நாளில் தூரத்தை இழுத்துக் காட்டும் ஈஎஃப் 1.4 எக்ஸ்டெண்டர் மாட்டினால் 189 மி.மீ. எஃப்/2.8 ஆகிவிடும். புதிய ஆர்எஃப் 135-ல் எக்ஸ்டெண்டர் மாட்டவே முடியாது.

உதிரி பாகம் விஷயத்தில் உங்கள் கவலை நியாயமானது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. பழசின் விலை அந்த ஆபத்தையும் சேர்த்துத்தான் குறைவாக இருக்கிறது.

கூர்முனை
சரி. வீடியோ எடுப்பீர்களா, மூன்றாம் வரிசை? எடுப்பதாக இருந்தால் இந்த லென்ஸ் வேண்டவே வேண்டாம். ஆர்8-ல் இருப்பது டிஜிட்டல் ஸ்டெபிலைசேஷன் மட்டும், அது படத்தை இன்னும் வெட்டும்.

மூன்றாம் வரிசை
வீடியோவுக்கு வேறு ஆள் வருவார். நான் படம் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மூன்றாம் வரிசை
போய்ப் பார்த்தேன். குறியீட்டில் 'யூவி', அதாவது 2007. டார்ச்சில் இரண்டு மூன்று தூசிதான், இழை எதுவும் இல்லை. செய்தித்தாள் சோதனையில் நான்கு மூலையும் ஒரே மாதிரி. வாங்கிவிட்டேன்.

நேற்று ஒரு ஒத்திகை. எட்டாவது மீட்டரில்தான் உட்கார்ந்தேன். லென்ஸின் பக்கவாட்டு சுவிட்சை 1.6 மீட்டருக்கு மேல் என்று தள்ளி வைத்ததும் இருட்டில் ஃபோகஸ் தடுமாறுவது நன்றாகக் குறைந்தது. வர்ணம் என்ற உருப்படி முழுக்க எஃப்/2.8, 1/250. அபிநயத்தில் முகத்துக்கு மட்டும் எஃப்/2. முதன்முறையாக மூக்குத்திக் கல்லின் நிறம் தெரிகிறது.

கூர்முனை பயந்ததில் ஒன்று நடந்தது. கையை நீட்டிய இரண்டு படங்களில் விரல்கள் மங்கிவிட்டன, அவை எஃப்/2-ல் எடுத்தவை. அப்புறம், மேடையின் பின்னாலிருந்து நீல விளக்கு நேராக லென்ஸைப் பார்த்தபோது படம் வெளுத்தது. ஹூட் இருந்தும் வெளுத்தது.

கூர்முனை
பழைய கோட்டிங், எதிர் ஒளியைத் தாங்காது. இரண்டு நாற்காலி இடப்பக்கம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். விளக்கு ஆடுகிறவரின் தோளுக்குப் பின்னால் மறையும். அந்த வெளுத்த படத்தையும் இங்கே போடுங்கள், அழிக்காதீர்கள்.