முசுறு என்று நினைத்தேன், கால்களை எண்ணினால் எட்டு

போன ஆவணியில் ஊருக்குப் போயிருந்தேன். அப்பத்தா வீட்டுக் கொல்லையில் இருக்கும் மாமரம் முழுக்க முசுறு எறும்புக் கூடு. கடி வாங்கிய அனுபவம் உண்டு என்பதால் எட்ட நின்றுதான் பார்த்தேன். ஒன்று மட்டும் சாரையில் சேராமல் தனியே திரிந்தது. மற்றவை நெருங்கினால் இலைக்கு அடியில் ஒதுங்கிக்கொண்டது. குச்சியால் இலையை லேசாகத் தட்டினேன். கீழே விழாமல் நூலில் தொங்கியது! வளர்ந்த முசுறு நூல் விடாது. கூடு தைக்கும் நூல்கூட அதன் புழுவிடமிருந்து வருவதுதான்.

கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டுக் கால். முன்னங்கால் இரண்டையும் எறும்பின் உணர்கொம்பு மாதிரி தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தது. சிலந்திக்கு உடல் இரண்டு பகுதிதான். இதற்கோ முன்பகுதி நடுவில் ஒடுங்கி, தலை தனி, மார்பு தனி என்று தோன்றுகிறது. இடுப்பும் எறும்புக்கு இருப்பதுபோல மெலிந்து நீண்டிருக்கிறது. ஆண் இன்னும் அதிசயம். அதன் தாடை முன்னால் நீண்டு பருத்திருப்பதால், ஒரு முசுறு இன்னொன்றைக் கவ்விக்கொண்டு போவது போலவே இருக்கும்.

இதன் பெயர் மிர்மாப்ளாட்டா பிளாட்டலியாய்டஸ். 1869இல் இலங்கையில் பிடித்தவற்றை வைத்து முதலில் விவரித்தார்கள். அப்புறம் பேரினம் மாறி மாறி, இந்தப் பெயர் 2016இல்தான் வந்தது. ஆனால் குடும்பம் மாறவே இல்லை: சால்டிசிடே, அதாவது தாவும் சிலந்திகள். 6,000க்கு மேல் இனங்கள் உள்ள, சிலந்திகளிலேயே மிகப் பெரிய குடும்பம். இது அதிகம் தாவுவதில்லை, எறும்பு நடைதான் நடக்கிறது. பிறகு எப்படி இந்தக் குடும்பத்தில் சேர்த்தார்கள் என்று யோசித்தபடி படத்தைத் திருப்பிப் பார்த்தேன். முகத்துக்கு நேரே விளக்குப் போல இரண்டு பெரிய கண்கள். வேடம் உடம்பு முழுக்க இருந்தாலும் அந்தக் கண்களை மறைக்க முடியவில்லை.

*

அக்கா, நீங்கள் எழுதியதில் கண் என்றதும் எங்கள் வீட்டு ஜன்னலில் இருக்கும் சாம்பல் நிறத் தாவும் சிலந்தி நினைவுக்கு வந்தது. விரலை நீட்டினால் திரும்பி நேராக முகத்தைப் பார்க்கும். முன்கண்ணின் வில்லை அசையாதாம், உள்ளே விழித்திரைதான் நகர்கிறது. பக்கவாட்டுக் கண்கள் அசைவைக் கவனித்துச் சொல்ல, இந்த இரண்டும் அது என்னவென்று உற்றுப் பார்க்கின்றன.

ஒரு நாள் ஈயைக் குறிவைத்துத் தாவியது. வெட்டுக்கிளிக்கு இருப்பது போலத் தடித்த தொடை இருக்கும் என்று தேடினேன், இல்லை. உடலில் உள்ள திரவத்தைக் காலுக்குள் அழுத்தித்தான் காலை விசுக்கென்று நீட்டுகிறது. அன்றைக்கு ஈ தப்பிவிட்டது. ஆனாலும் தாவும் முன் ஒட்டிவைத்த நூலைப் பிடித்து மேலே ஏறி வந்துவிட்டது.

அம்மா ஒட்டடை அடிக்க வந்தபோது அந்த மூலையைக் காட்டினேன். அங்கே ஒட்டடையே இல்லை. இரைக்கு வலை பின்னும் சிலந்தி இல்லையே இது!