குரோஷா பவளப்பாறை: மடிப்பு நிமிர்ந்து நிற்க என்ன வழி?

அலைநுரை:
தோழிகளே, சுவரில் மாட்ட 2 அடிக்கு 1½ அடி அளவில் குரோஷாவில் (கொக்கி ஊசிப் பின்னலில்) பவளப்பாறை போடுகிறேன். 5 ப்ளை (ஐந்து புரி) மில்க் காட்டன் நூல், 4 மி.மீ. ஊசி. 20 செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு, வரிசைக்கு வரிசை ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு டபுள் குரோஷா. மடிப்பு விழுகிறது, ஆனால் பாவாடைக் கொசுவம் மாதிரி தொங்குகிறது. கஞ்சி போட்டால் நிற்குமா? மூளைப் பவளம், குழாய், மான்கொம்பு மூன்று வடிவமும் வேண்டும்.

நூல்கண்டு:
கஞ்சியை அப்புறம் பார்க்கலாம். கோளாறு டபுள் குரோஷாவில் இருக்கிறது. உயரமான கண்ணி, நடுவில் இடைவெளி, அதனால்தான் துவள்கிறது. சிங்கிள் குரோஷாவுக்கு (குட்டையான, நெருக்கமான கண்ணிக்கு) மாறுங்கள். (பேட்டர்ன் பிரிட்டிஷ் முறையில் எழுதியதா என்றும் பாருங்கள். அதில் டபுள் என்று போட்டிருப்பது அமெரிக்க முறையின் சிங்கிள்தான்.)

ஊசியை 2.5 மி.மீ.க்கு இறக்குங்கள். ஊசி கண்ணிக்குள் கொஞ்சம் முரண்டு பிடித்து நுழைந்தால் சரியான இறுக்கம். மில்க் காட்டன் தொட மிருது, இந்த வேலைக்கு அதுவே பாதகம். இழுத்தால் அதிகம் நீளாத அக்ரிலிக் நூல் எடுங்கள்.

கடற்பஞ்சு:
ஊசி, நூல் பற்றி அக்கா சொன்னது சரி. ஆனால் உருவத்தைத் தீர்மானிப்பது கூட்டும் விகிதம், அதாவது ஒரே கண்ணியில் இரண்டு போட்டு எண்ணிக்கையை ஏற்றும் வேகம். சிங்கிள் குரோஷாவில் மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகும் நூல் வளையத்தில்) 6 கண்ணி போட்டு, சுற்றுக்கு 6 மட்டும் கூட்டினால் தட்டையான வட்டம். அதைவிட வேகமாகக் கூட்டினால் விளிம்புக்கு இடம் போதாமல் நெளியும். கணிதத்தில் இது ஹைபர்போலிக் தளம். கணிதவியலாளர் டைனா டைமினா கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1997இல் இதை குரோஷாவில் போட்டுக் காட்டினார். 2005இல் மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் அதையே பவளப்பாறைக்குக் கொண்டுபோனார்கள்.

மூளைப் பவளத்துக்கு ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு: 6, 12, 24, 48, 96, 192, 384. இங்கேதான் பலர் நூல் தீர்ந்து மாட்டிக்கொள்கிறார்கள். 384 கண்ணிச் சுற்று, அதற்கு முந்தைய எல்லாச் சுற்றையும் (378) விட அதிக நூல் தின்னும். சுற்று முடிந்ததும் துண்டை எடை போடுங்கள். 20 கிராம் இருந்தால் அடுத்த சுற்றுக்கு 20 கிராமுக்குச் சற்று மேல் வேண்டும். கையில் அவ்வளவு இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

விரிந்த இலை போன்ற பவளத்துக்கு இரட்டிப்பு வீண்செலவு. மூன்று கண்ணிக்கு ஒன்று கூட்டுங்கள்: 18, 24, 32 என்று போகும். முதல் சில வரிசை சப்பையாகத்தான் தெரியும், பிரிக்காதீர்கள்.

குழாய்க்கு 6 கண்ணியில் தொடங்கி, சுருளாகச் சுற்றிக்கொண்டே ஆறு கண்ணிக்கு ஒன்று கூட்டினால் வாய் விரிந்த புனல் வரும். மான்கொம்புக்கு 12 கண்ணிக் குழாயை ஆறு ஆறாகப் பிரித்து இரண்டு கிளை. பிரியும் இடத்தில் ஓட்டை விழும், வால்நூலால் (தொங்கும் நூல் நுனியால்) தைத்து மூடுங்கள். உள்ளே மிச்ச நூலைத் திணித்தால் போதும்.

அலைநுரை:
நன்றி. போட்டு முடித்ததை எப்படி விறைப்பாக்குவது? ஸ்டீம் அயர்ன் காட்டலாமா?

ஊசிமுனை:
அக்ரிலிக்குக்கு வேண்டவே வேண்டாம். ஆவி பட்டால் இழை உயிரற்றுத் துவளும், மறுபடி நிமிராது. காட்டன் துண்டுகளுக்குக் காட்டலாம்.

கஞ்சிக்குப் பூச்சி வரும், சர்க்கரைப் பாகுக்கு எறும்பு. காட்டனுக்கு ஃபெவிகாலும் தண்ணீரும் சம அளவு கலந்து முக்கி, பிழிந்து, மடிப்புகளுக்கு நடுவே பாலிதீன் உருண்டைகள் வைத்துக் காயவிடுங்கள். காகிதம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அக்ரிலிக் இறுக்கமாகப் போட்டிருந்தால் எதுவுமே தேவையில்லை. விளிம்பு மட்டும் நிற்க வேண்டுமென்றால் கடைசிச் சுற்றில் தடித்த தூண்டில் நரம்பை நூலோடு சேர்த்துப் பிடித்துப் போடுங்கள். கம்பி வேண்டாம், துருக்கறை வரும்.

மாட்ட, மரச்சட்டத்தில் சாக்குத்துணியை இழுத்து ஆணியடித்து, ஒவ்வொரு துண்டையும் நடுவில் மட்டும் தையுங்கள். விளிம்பைத் தைத்தால் நெளிவு படுத்துவிடும். கனமான மூளைப் பவளம் கீழே இருக்கட்டும், இல்லாவிட்டால் துணி நடுவில் தொய்யும். வெயில் படும் சுவராக இருந்தால் க்ளூகன் வேண்டாம், பசை இளகும்.