வாடைக்கால நிலுவையும் ஐயக்கடன் ஏற்பாடும்: வங்கியாளர்களிடம் ஒரு கேள்வி

திருகோணமலை மீன்பிடிக் கடன்களில் வாடைக்காலத்தில் நிலுவை ஏறும். கடல் அடங்கியதும் பெரும்பாலும் கட்டிவிடுவார்கள். ஆனால் இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 9 இன்படி, தவணை 30 நாள் தாண்டினாலே இரண்டாம் நிலை (இடர் கணிசமாகக் கூடிய கடன்) என்பது பொது எடுகோள். அப்போது அடுத்த 12 மாதத்துக்கான எதிர்பார்க்கும் இழப்பு போதாது, கடன் முடியும் வரைக்கான ஆயுட்கால இழப்பை ஒதுக்க வேண்டும்.

மீதி 500,000 ரூபா, 12 மாதத்தில் கடன் தவறும் வாய்ப்பு 4%, தவறினால் இழப்பு 45% என வைத்தால் ஏற்பாடு (இழப்புக்கு ஒதுக்கும் தொகை) 9,000. ஆயுட்கால வாய்ப்பு 15% என்றால் 33,750 (இன்றைய மதிப்புக்குக் கழிவிடலுக்கு முன்). இந்த வீக்கம் சரியாக டிசம்பர் 31 கணக்கில் விழுகிறது.

ஆதாரம் இருந்தால் 30 நாள் எடுகோளை மறுக்கலாம். எத்தனை ஆண்டு மாதவாரி நிலுவைத் தரவைக் கணக்காய்வாளர்கள் ஏற்கிறார்கள்? மீன்பிடிக் கடனைத் தனித் தொகுதியாகப் பிரித்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். நிலுவை ஏறிய பின் தவணைகளை மாற்றும் மறுஅட்டவணை வேண்டாம். அதுவே இடர் கூடியதன் அடையாளமாகிவிடும்.