சூப்பர்சிலியஸ்னா என்ன அர்த்தம்?

பொகவந்தலாவ பிள்ளை:
தங்கச்சியோட இங்கிலிஷ் பாடத்துல இந்த சொல் வந்திச்சு, சூப்பர்னு ஆரம்பிக்கிறதால நல்ல சொல்லுனு நெனச்சிட்டா, நானும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தேன், இப்ப டவுட்டா இருக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஹட்டன் டீச்சர்:
இல்லம்மா, அது மத்தவங்கள இளக்காரமா பாக்குற ஆளயோ அந்தப் பார்வையயோ சொல்றது. லத்தீன்ல சூப்பர்னா மேல, சிலியம்னா கண்ணிமை, இமைக்கு மேல இருக்கிற புருவத்துக்கு சூப்பர்சிலியம்னு பேரு. ஒருத்தர மட்டமா நெனக்கிறப்ப ஒத்தப் புருவம் மேல போகும்ல, அந்த மூஞ்சிதான் சொல்லாயிருச்சு, இங்கிலிஷ்ல 16ஆம் நூற்றாண்டுலருந்து இருக்கு. ஹாட்டினு (haughty) இன்னொரு சொல், அதுவும் உயரம்னு அர்த்தமுள்ள பிரெஞ்சு சொல்லுலருந்து வந்தது, கர்வம் புடிச்சவங்கள சொல்றது.

மஸ்கெலியா அண்ணன்:
டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு சரி, அந்தப் புருவத்த நான் கண்ணால பாத்திருக்கேன். ஒரு ஆபிஸ்ல விண்ணப்பப் பாரம் குடுத்தேன், விலாசத்துல தேயிலைத் தோட்டத்து டிவிஷன், தொழிலாளிங்க குடியிருக்கிற லயத்தோட நம்பர்னு வாசிச்சதும் அந்த ஆளோட எடது புருவம் மெதுவா மேல போச்சு, பேனாவ மேசையில வச்சிட்டு என் சப்பாத்தப் பாத்தாரு. வாய் தொறந்து ஒரு வார்த்தை பேசல. தோட்டத்து ஆளுங்கள கேவலப்படுத்துற மாதிரி தோட்டக்காட்டான்னு சத்தமா சொல்லியிருந்தாக்கூட திருப்பிக் கேட்டிருப்பேன், புருவத்த என்னன்னு கேக்குறது?

பொகவந்தலாவ பிள்ளை:
ரொம்ப நன்றி டீச்சர். அண்ணே, வாசிக்கவே மனசு கஷ்டமா போச்சு. தங்கச்சிகிட்ட இப்பவே திருத்திச் சொல்றேன். இத வினையா எழுதலாமா?

ஹட்டன் டீச்சர்:
முடியாது, பெயரடை மட்டுந்தான். பார்வை, சிரிப்பு, பேச்சுத் தொனி, இதுகளுக்கு முன்னால போடச் சொல்லுங்க.