ரெரா ஏஜென்ட் பதிவு: சைட் விற்றுத் தரும் புரோக்கருக்கு எது கட்டாயம்?

காங்கேயத்தான்:
காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் பூமி, பழைய வீடு முடிச்சுத் தர்றோம்ங்க. இப்ப பெருந்துறைப் பக்கம் டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் வாங்கின லேஅவுட்ல சைட் வித்துத் தரக் கேக்கறாங்க. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) ஏஜென்ட் பதிவு இல்லாட்டி கமிஷன் தர முடியாதுங்கறார், லேஅவுட் போட்ட புரமோட்டர். நாங்க கூட்டாளிகள் மூணு பேர். மூணு பேரும் தனித்தனியா எடுக்கணுமா? பரீட்சை எழுதணும்னு வாட்ஸ்அப்பில் சுத்துதே, நிஜமா? இன்னொரு பூமிக்காரர், பவர் (பொது அதிகாரப் பத்திரம்) எழுதித் தர்றேன், நீங்களே சைட் போட்டு வித்துக்கங்கன்னும் சொல்றார். அதுக்கும் இதே பதிவு போதுமா?

நொய்யல்கரை:
புரமோட்டர் சொல்றது சரிதானுங்க. 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, ரெராவில் பதிவு செய்ய வேண்டிய திட்டத்தில் ஒரு சைட்டைக்கூட பதிவில்லாத ஏஜென்ட் விற்றுத் தரக் கூடாது. ஆளைக் கூட்டிட்டு வந்து காட்டினதோட சரின்னு சொல்லித் தப்பிக்க முடியாது. வாங்கறவரையும் விக்கறவரையும் அறிமுகப்படுத்திக் கமிஷன் வாங்கினாலே சட்டத்தின் கணக்கில் ஏஜென்ட்தான். மீறினால் 62ஆம் பிரிவில் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அந்த சைட்டின் விலையில் 5 சதவீதம் வரைக்கும் ஏறும்.

தோட்டம், பழைய வீட்டுக் கிரயம் மட்டும் பார்க்கறவருக்கு இந்தப் பதிவு தேவையில்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்துக்கும் விலக்கு உண்டு. ஆனால் அது நம்ம கணக்கில் 12 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். அதுக்குள்ள அடங்கற லேஅவுட் நம்ம பக்கம் எங்கிருக்கு?

மூணு பேர் விஷயத்தில், கமிஷன் யார் பான் எண்ணில் ஏறுதுன்னு பாருங்க. கூட்டு நிறுவனத்துக்குப் போனால் நிறுவனத்தின் பேரில் ஒரு பதிவு. அவரவர் தனியா பில் போட்டால் அவரவருக்கு ஒன்று. கமிஷனில் பங்கு வாங்கற சப் ஏஜென்ட்டுக்கும் இதேதான். 2017 தமிழ்நாடு விதிகளில் தனிநபருக்கு 25,000, மற்றவர்களுக்கு 50,000 ரூபாய் கட்டணம். பணம் கட்டும் அன்னைக்கு ரெரா தளத்தில் காட்டற தொகையை ஒருதரம் பார்த்துக்கங்க. பதிவு 5 வருஷம் செல்லும். முடிய 3 மாசம் இருக்கும்போதே புதுப்பிக்க மனு போடணும்.

மனு சிக்கறது பெரும்பாலும் பேரிலும் முகவரியிலும்தான். பான் கார்டில் அப்பா பேர் முழுசா இருக்கும், ஆதாரில் இனிஷியல் மட்டும் இருக்கும். ஆபீஸ் வாடகைக் கட்டடம், கரண்ட் பில் ஓனர் பேரில் வரும். ஆதாரை முதலிலேயே திருத்திக்கங்க. கரண்ட் பில்லோட வாடகை ஒப்பந்தத்தையும் சேர்த்து ஏத்துங்க.

பரீட்சை மகாராஷ்டிராவில் கொண்டு வந்தது. அங்கே பயிற்சி முடிச்சு, தேர்வில் தேறிச் சான்றிதழ் வாங்கணும். நம்ம 2017 விதிகளில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை.

பவானிக்காரர்:
பவர் விஷயத்தை யாரும் லேசா எடுத்துக்காதீங்க. பவர் வாங்கி சைட் போட்டு விற்கறவர் ஏஜென்ட் இல்லை, சட்டப்படி புரமோட்டர். 2ஆம் பிரிவில் புரமோட்டர்னா யாருங்கற விளக்கத்திலேயே பவர் வைத்திருப்பவர்னு எழுதியிருக்கு. ஏஜென்ட் பதிவு அங்கே செல்லாது; திட்டத்தையே பதிவு செய்யணும். வாங்கறவங்க தர்ற பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் போகணும். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. இதையெல்லாம் விட 18(2)ஆம் பிரிவுதான் கடுமை. பூமியின் பத்திரத்தில் குறை இருந்து வாங்கினவருக்கு நஷ்டம் வந்தால் ஈடு கட்டணும், அதுக்குக் காலாவதியே கிடையாது. தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போடாத ஒரு அத்தை இருந்தால் போதும், பவர் வாங்கினவர் மாட்டிக்குவார். மூலப் பத்திரம், வாரிசுச் சான்று, வில்லங்கம் எல்லாம் வக்கீல்கிட்டக் காட்டாம பவரில் கை வைக்காதீங்க.

காங்கேயத்தான்:
பவர் வேண்டாம்னு விட்டுடறோம்ங்க. கூட்டு நிறுவனப் பேரில் எடுத்தால் பாலக்காட்டுப் பக்கம் திட்டத்துக்கும் ஆகுமா?

நொய்யல்கரை:
ஆகாதுங்க. ஒரு பதிவு ஒரு மாநிலம் முழுசுக்கும். கோபி, பொள்ளாச்சி, சென்னை எங்கே வேணும்னாலும் விற்கலாம். வாளையார் தாண்டினால் கேரள ரெராவில் தனியா வாங்கணும்.

பதிவு எண் வந்ததும் புரமோட்டர்கிட்டச் சொல்லி, அவர் திட்டப் பக்கத்தில் இருக்கற ஏஜென்ட் பட்டியலில் உங்க நிறுவனப் பேரைச் சேர்க்கச் சொல்லுங்க. விற்றுத் தர்ற ஒவ்வொரு சைட்டின் தாளிலும் அந்த எண் இருக்கணும். விளம்பரத்தில் போட வேண்டியது திட்டத்தின் பதிவு எண். அது வேற, உங்க எண் வேற. ரெண்டையும் குழப்பி அச்சடிச்சு நிறையப் பேர் ரெராகிட்ட நோட்டீஸ் வாங்கறாங்க. கமிஷன் வரவு வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி எடுத்து 18 சதவீதம் பில்லில் போடணும்.