ஸ்க்ரூ முனை கருகின கதை உங்களுக்கும் இருக்கா? செல்ஃப் ட்ரில்லிங் அனுபவங்கள்

பட்டறைவாசி, ஈரோடு:

போன மாசம் ஒரு மொட்டை மாடி ஷெட் வேலை. வீட்டுக்காரர் பழைய இரும்புக் கடையில எடைக்கு வாங்கின நாலு இன்ச் சி சேனலை ('சி' எழுத்து வடிவ இரும்புச் சட்டம்) கொண்டுவந்து இறக்கி, "இதையே பர்லினா போட்டுடுங்க, நல்லா வெயிட்டா இருக்கும்"னார். (பர்லின்னா கூரைத் தகரத்தைத் தாங்குற குறுக்குச் சட்டம்.) வெயிட்டாத்தான் இருந்துச்சு, வினையே அதுலதான்.

நாங்க வழக்கமா அடிக்கிறது 12-ம் நம்பர் செல்ஃப் ட்ரில்லிங் ஸ்க்ரூ, அதாவது தானே ஓட்டை போட்டுக்கிட்டு இறங்குற ரகம். 5.5 மி.மீ. கனம், 8 மி.மீ. அறுகோணத் தலை, அடியில கறுப்பு ரப்பர் வாஷர். 2 மி.மீ. சதுர பைப்புன்னா சர்ருனு இறங்கிடும், யோசிக்கவே வேண்டாம். இங்க முதல் ஸ்க்ரூ தகரத்தைத் தாண்டிச்சு, சேனல்ல கொஞ்சம் இறங்கிச்சு, அப்புறம் கீச்சுனு ஒரு சத்தம். கழட்டிப் பார்த்தா முனை நீலம் பாரிச்சு மொட்டையா தேஞ்சு கிடக்கு. அடுத்ததும் அப்படியே. கூட இருந்த பையன் மொத்த உடம்பையும் மெஷின் மேல சாய்ச்சு அழுத்தினான். பட்டுனு முறிஞ்சு பாதி ஸ்க்ரூ உள்ளயே நின்னுடுச்சு. மதியச் சாப்பாட்டுக்குள்ள முப்பதுக்கு மேல காலி. டூப்ளிகேட் சரக்கைத் தலையில கட்டிட்டீங்கன்னு கடைக்காரரைப் போன்ல கன்னாபின்னான்னு பேசிட்டேன்.

சாயங்காலம் பக்கத்து லேத் பட்டறைப் பெரியவர்கிட்ட கருகினதையும் புதுசையும் காட்டினேன். கண்ணாடியை ஏத்திவிட்டுப் பார்த்தவர், "சரக்குல தப்பில்லடா. அதோட வாய் எவ்வளவு, நீ ஊட்டினது எவ்வளவு?"ன்னார்.

அப்புறம் நகத்தால முனையைத் தொட்டுக் காட்டினார். நுனியில இருக்கிறது குட்டி ட்ரில் பிட்தான், ரெண்டு பக்கமும் பள்ளம். வெட்டுற இரும்புச் சுருள் வெளிய வர்ற வழி அந்தப் பள்ளம் மட்டும்தான். பள்ளம் முழுசா இரும்புக்குள்ள புதைஞ்சுட்டா சுருளுக்குப் போக்கிடம் இல்லை. அடைச்சுக்கும், சூடேறும், முனை பதம் போயிடும். அது ஒரு பாதி.

மத்த பாதியை இத்தனை வருஷத்துல நான் யோசிச்சதே இல்லை. 12-14ன்னு டப்பாவுல போட்டிருப்பானே, அந்த 14 ஒரு இன்ச்சுக்கு எத்தனை மரைங்கிற கணக்கு. அப்படின்னா ஒரு சுத்துக்கு ஸ்க்ரூ 1.8 மி.மீ. உள்ள போயே ஆகணும். ஆனா முனை ஒரு சுத்துக்கு வெட்டுறது அதுல ரொம்பச் சின்னப் பங்கு. முனை இன்னும் துளைச்சுக்கிட்டு இருக்கும்போதே பின்னாடி மரை பிடிச்சிடுச்சுன்னா, மரை போற வேகத்துக்கு முனையால ஈடு கொடுக்க முடியாது. ஒண்ணு முனை உடையணும், இல்ல மரை அழியணும். "துளை முடிஞ்சப்புறம்தான் மரை தொடணும். அதுக்காகத்தான் முனைக்கு அந்த நீளம்"னார் பெரியவர்.

வெர்னியர் வச்சு அளந்தோம். சேனலோட நடுத்தகடு 5 மி.மீ. பக்கம். நாங்க அடிச்ச விளிம்புப் பக்கமோ 7 மி.மீ.க்கு மேல. என்கிட்ட இருந்தது 3-ம் நம்பர் முனை, அது சுமாரா 5 மி.மீ. இரும்பு வரைக்கும்தான் துளைக்கும். இந்தத் தடிமனுக்கு 5-ம் நம்பர் முனை வாங்கணும், அரை இன்ச் இரும்பு வரைக்கும் போகும். அதுல மரையும் இன்ச்சுக்கு 24, நெருக்கமா இருக்கும். கனமான இரும்புல கொஞ்ச தூரத்துலயே நிறைய மரை பிடிச்சுக்கும், சுத்துறதுக்கும் பலம் குறைச்சலாப் போதும்.

பதினாறு வருஷமா இந்தத் தொழில். ஸ்க்ரூ வாங்கும்போது நீளம் கேப்பேன், கனம் கேப்பேன். முனை நம்பர் கேட்டதே இல்லை. உங்க கதையையும் சொல்லுங்க.

சதுரபைப், திருப்பூர்:

ட்ரில் பிட்ல முதல்ல ஓட்டை போட்டுட்டு அடிச்சிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமே அண்ணே? இதுக்கு ஏன் இவ்வளவு?

பட்டறைவாசி, ஈரோடு:

போட்டுப் பார்த்தேன் தம்பி. கையில இருந்தது 5 மி.மீ. பிட். இந்த ஸ்க்ரூவோட முனை ஏறக்குறைய நாலரைதான். அரை மி.மீ. பெருசானதுக்கே பிடி லூசா இருந்துச்சு. நாலரை பிட் தேடி அலையறதுக்கு 5-ம் நம்பர் டப்பாவே வாங்கிடலாம்.

லாரிபாடி, நாமக்கல்:

எங்க தொழில்ல இதே வியாதி வேற ரூபத்துல வரும். கன்டெய்னர் பாடிக்கு அடியில இரும்புக் குறுக்குச் சட்டம், மேல தடிமனான பிளைவுட். வேலைக்குச் சேர்ந்த புதுசுல சாதா செல்ஃப் ட்ரில்லிங் ஸ்க்ரூவை வச்சு அடிச்சேன். மரை பலகையைக் கவ்விக்கிச்சு. முனை கீழ இரும்பைத் தொட்டதும் மெதுவாயிடுச்சு, மேல பலகையில மரை ஏறிக்கிட்டே இருக்கு. பலகை சட்டத்தை விட்டு ஒரு விரல் உசரம் தூக்கிடுச்சு. மேஸ்திரி பின்னாடி நின்னு, "தரை போடச் சொன்னா ஊஞ்சல் கட்டுற"ன்னார்.

அப்புறம் அவர் எடுத்துக் கொடுத்த ஸ்க்ரூவுல முனைக்கும் மரைக்கும் நடுவுல ரெண்டு குட்டி இறக்கை. நான் அதை அச்சுல வந்த பிசிறுன்னு நினைச்சு ஒண்ணுல தேச்சே எடுத்துட்டேன். (வாங்கிக் கட்டிக்கிட்டேன்.) அந்த இறக்கை பலகையில மரையைவிடப் பெரிய ஓட்டையா சீவிக்கிட்டே இறங்கும், அதனால மரை மரத்தைக் கவ்வாது. இரும்பைத் தொட்டதும் இறக்கை ஒடிஞ்சு விழுந்துடும். அப்புறம் முனை நிதானமா இரும்பைத் துளைக்கும், மரை இரும்புல மட்டும் பிடிக்கும், தலை பலகையை இழுத்து அழுத்தும். ஒடியறதுக்காகவே ஒரு உறுப்பை வச்சுப் படைச்சிருக்கான் பாருங்க, அவன் மூளைக்கு ஒரு கும்பிடு.

ஒரு எச்சரிக்கை: இரும்பு ரொம்ப மெல்லிசா இருந்தா இறக்கை ஒடியாது. இரும்பையும் சேர்த்துச் சீவி ஓட்டையைப் பெருசாக்கிடும்.

கூரைமேல், சிங்கப்பூர்:

இங்கே நாங்கள் இதை ‘டெக் ஸ்க்ரூ’ என்போம். டெக்ஸ் என்பது ஒரு அமெரிக்க கம்பெனியின் வணிகப் பெயர், அதுவே பொதுப்பெயராக ஒட்டிக்கொண்டது. வந்த புதிதில் இம்பாக்ட் மெஷினை (தட்டித் தட்டி முறுக்கும் ரகம்) வைத்து அடித்தேன். டகடகவென்று ஏறும், பார்க்க ஆசையாக இருக்கும். ஃபோர்மேன் வந்து பத்து வாஷரை வரிசையாகக் காட்டினார். எல்லாவற்றிலும் ரப்பர் பிதுங்கிக் கிழிந்திருந்தது. இரண்டு ஸ்க்ரூவில் தலையே இல்லை. அன்றைக்கே அந்த மெஷினைப் பிடுங்கிவிட்டு, ஆழம் அளந்து நிற்கும் ஸ்க்ரூ கன்னைக் கொடுத்தார்.

வேகமும் முக்கியம். 12-ம் நம்பருக்கு நிமிஷத்துக்கு 1800 முதல் 2500 சுற்று வரை சரி. முனை பெரிதானால் வேகத்தைக் குறைக்க வேண்டும், ஸ்டெயின்லெஸ் என்றால் இன்னும் குறைக்க வேண்டும். ஆனால் அழுத்தம் தளரக்கூடாது. லேசாகப் பிடித்தால் முனை வெட்டாமல் தேய்க்கும், தேய்த்தால் சூடு. ஈரோட்டுக்காரரோடு இருந்த பையன் செய்தது மற்றொரு கோடி.

இன்னொன்று, மெஷின் நுனியில் ஸ்க்ரூ தலையைப் பிடிக்கும் மேக்னட் சாக்கெட்டுக்குள் இரும்புத்தூள் சேர்ந்துவிடும். அப்புறம் தலை முழுசாக உட்காராது, ஸ்க்ரூ தலையாட்டிக்கொண்டே இறங்கும், துளை கோணலாகும். அரை மணிக்கு ஒருமுறை துடைத்துவிடுங்கள். தகரத்தின் மேல் கிடக்கும் தூளையும் சாயங்காலமே பெருக்கிவிட வேண்டும். ஒரு ராத்திரி பனி போதும், காலையில் புது ஷீட் முழுக்கத் துருப்பொட்டு வைத்திருக்கும்.

கரையோரம், கடலூர்:

2011 டிசம்பர் 30 தானே புயல் கரை கடந்துச்சு. மறுநாள் மாமாகூட ஒரு மீன் ஷெட்டைப் பார்க்கப் போனேன். ஒரு பக்கம் தகரம் பறந்துபோன இடத்துல பர்லின் மேல ஸ்க்ரூ மட்டும் வாஷரோட வரிசையா நிக்குது, தகரம் தலையைத் தாண்டிக் கிழிஞ்சு போயிருக்கு. இன்னொரு பக்கம் ஸ்க்ரூவும் தகரத்தோட சேர்ந்தே பிடுங்கிக்கிட்டுப் போயிருக்கு. அங்க பர்லின் துருப்பிடிச்சு மெலிஞ்சு கிடந்துச்சு, மரை பிடிக்க இரும்பே இல்லை. ஒரே காத்து, ஒரே கூரை, ரெண்டு விதமான சாவு.

அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் ஸ்டெயின்லெஸ்னு கிளம்பினோம். கடையில ஸ்க்ரூவைக் காந்தத்துல வச்சா ஒட்டுது. ஏமாத்துறான்னு சண்டை. உண்மையில அது 410 ரகம், ஸ்டெயின்லெஸ்தான், ஆனா காந்தம் ஒட்டும். வெப்பம் கொடுத்துக் கடினமாக்க முடியுங்கிறதால அதுலயே முனை வைக்கிறான். கடல் காத்துல அது சீக்கிரமே பழுப்பேறிடுது. 304 ரகம் நல்லா தாங்கும், ஆனா அதை அப்படிக் கடினமாக்க முடியாது, தன் முனையால இரும்பைத் துளைக்க அதுக்கு வக்கில்லை. அதனால 304 உடம்புல சாதா கார்பன் ஸ்டீல் முனையைப் பத்தவச்சு ஒரு ரகம் வருது. உடம்பு காந்தத்துக்கு அசையாது, நுனி மட்டும் போய் ஒட்டிக்கும்! முனை வேலையை முடிச்சுட்டுப் பர்லினுக்கு அந்தப் பக்கம் போயிடுறதால அது துருப்பிடிச்சாலும் பிடியில ஒண்ணும் ஆகாது. விலையைக் கேட்டாதான் நெஞ்சு அடைக்குது.

யாழ்ப்பாணத்தான், மெல்பர்ன்:

கடலூர் அண்ணா சொன்ன கிழிசல் கதைக்கு இங்கே பெரிய வரலாறே இருக்கு. 1974 கிறிஸ்மஸ் அன்று ட்ரேசி புயல் டார்வின் நகரத்தைத் துடைத்துவிட்டுப் போனது. பிறகு ஆராய்ந்தபோது, காற்று ஒரே இழுப்பாகக் கூரையைப் பிடுங்கவில்லை எண்டு தெரிந்தது. விட்டு விட்டு இழுத்ததில் ஆணித் தலைகளைச் சுற்றித் தகரம் களைத்து வெடித்திருக்கு, கம்பியை வளைச்சு வளைச்சு முறிக்கிற மாதிரி. அதுக்குப் பிறகு புயல் பகுதிகளில் தலைக்குக் கீழே அகலமான விசேஷ வாஷர் வைக்கிற வழக்கம் வந்தது.

துருவுக்கும் இங்கே ஏஎஸ் 3566 எண்டு ஒரு தரநிலை, அதில் நாலு வகுப்பு. கடலோரம் எண்டால் நாலாவது. ஒரு விஷயம் கவனியுங்கோ: துத்தநாகம்-அலுமினியம் பூசிய தகரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டால், உப்புக் காற்றில் ஸ்க்ரூ புதுசாக நிற்கும், சுற்றியிருக்கிற தகரம் அரிபட்டுப் போகும்.

கரையோரம், கடலூர்:

அண்ணா, இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா. ரெண்டு ஷெட் அப்படி அடிச்சாச்சு.

சோதனைக்கூடம்:

நான் ஒரு ஃபாஸ்டனர் (ஸ்க்ரூ, போல்ட் வகைகள்) ஆலையில் தரச்சோதனையில் இருந்தவன். முனை பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள், உள்ளே இருக்கும் முரணைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். இரும்பைத் துளைக்க ஸ்க்ரூ இரும்பைவிடக் கடினமாக இருக்க வேண்டும். கடினம் கூடினால் கண்ணாடி போல நொறுங்கும். அதனால் தோல் மட்டும் கடினம், உள்ளே சற்று மென்மை. இந்த ஸ்க்ரூக்களுக்கான ஐஎஸ்ஓ 10666 தரநிலை தோலுக்குக் குறைந்தது 530 விக்கர்ஸ் (கடினத்தின் அளவு) கேட்கிறது, உள்ளே 320 முதல் 400. எங்கள் மேசையில் வளைத்து, முறுக்கி, துளைத்துப் பார்ப்பதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே ஸ்க்ரூ எங்கே நிற்கிறது என்று பார்க்கத்தான்.

ஒருமுறை ஒரு லாட் (ஒரே தடவையில் செய்த சரக்கு) எல்லாச் சோதனையிலும் தேறிப் போனது. நான்காம் நாள் வாடிக்கையாளரிடமிருந்து போன்: "சார், நேத்து அடிச்ச ஸ்க்ரூவுல தலையெல்லாம் தானா கழண்டு விழுது." யாரும் தொடாமலே, ராத்திரியில், டிக் டிக்கென்று. காரணம் ஹைட்ரஜன். அமிலத்தில் கழுவி மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் கடின எஃகுக்குள் புகுந்துவிடும். இறுக்கிய பிறகு அந்த இழுவிசையில் சில மணியோ சில நாளோ கழித்து வெடிப்பு ஓடும். முலாம் முடிந்த கையோடு சுமார் 200 டிகிரியில் பல மணி நேரம் சூடாக்கி ஹைட்ரஜனை விரட்ட வேண்டும். அந்த லாட்டுக்கு அந்த அடுப்பு நேரத்தை யாரோ குறைத்துவிட்டார்கள். உடனே செய்யும் சோதனையில் இது சிக்காது. இறுக்கி வைத்துக் காத்திருக்க வேண்டும், காத்திருக்க எங்களுக்கு நேரம் தரப்படவில்லை. இப்போதும் ஸ்க்ரூ தரையில் விழும் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

மாடிவீடு, மதுரை:

நான் தொழில்காரி இல்லை, வீட்டுக்காரி. படிச்சதுல பாதி புரிஞ்சது. எங்க மாடி ஷெட் போட்டு ரெண்டே மழைதான், ஸ்க்ரூ இருக்கிற இடமெல்லாம் சொட்டுது. போட்டவர் வந்து சிலிக்கான் தடவிட்டுப் போனார், அடுத்த மழைக்கு மறுபடி. மேல ஏறிப் பார்த்தா ரப்பர் நாலாப் பக்கமும் வெளிய பிதுங்கி வெடிச்சிருக்கு. இதுக்கு என்னங்க பண்றது?

பட்டறைவாசி, ஈரோடு:

அக்கா, அது ஓவரா இறுக்கினதுங்க. ரப்பர் இரும்பு வாஷரோட விளிம்புல லேசா எட்டிப் பார்த்தா சரி, அதுக்கு மேல போனா கிழியும். சிலிக்கான் தடவறது வேஸ்ட். ஒவ்வொண்ணாக் கழட்டி, அதே ஓட்டையில 12-க்கு பதிலா 14-ம் நம்பர் போடச் சொல்லுங்க, பழைய மரையைவிடக் கனமாப் பிடிக்கும். ரப்பர் வெயில் தாங்குற ஈபிடிஎம் ரகம்தானான்னு கேட்டு வாங்குங்க, வேற மலிவு ரப்பர் நம்ம வெயிலுக்கு ரெண்டு வருஷத்துல அப்பளமாயிடும். ஸ்க்ரூ ஷீட்டோட மேட்டுல அடிச்சிருக்கா, பள்ளத்துலயா? பள்ளத்துலன்னா தண்ணி ஓடுற வழியிலேயே ஓட்டை போட்டிருக்காருன்னு அர்த்தம்.

மாடிவீடு, மதுரை:

பள்ளத்துல.

பட்டறைவாசி, ஈரோடு:

சரிதான். அவரையே கூப்பிட்டுக் காட்டுங்கக்கா, எங்க ஆளுங்க நேர்ல பார்த்தாத்தான் ஒத்துக்குவோம்.

நானும் நேத்து அந்தக் கடைக்குப் போனேன். போன்ல திட்டினதுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துட்டு 5-ம் நம்பர் முனை கேட்டேன். அவர் உள்ள தேடிட்டு வந்து, "12 வருஷமா கடை வச்சிருக்கேன், முனை நம்பர் சொல்லிக் கேட்ட மூணாவது ஆள் நீங்க"ன்னார். ஒரு டப்பாதான் இருந்துச்சு, மூடி மேல தூசி. சேனல்ல முறிஞ்சு நின்ன ஆறு ஸ்க்ரூவை கிரைண்டர்ல அறுத்து மட்டமாக்கிட்டுப் பக்கத்துலயே புதுசு அடிச்சேன். மெதுவா, ரெண்டு கையால அழுத்திப் பிடிச்சு. முனை அந்தப் பக்கம் போனதும் மெஷின் சத்தமே மாறுது, அப்புறம்தான் மரை பிடிக்குது.